எண்பத்தேழில் ஒரு பங்கு

மாதிரி ரயில் அமைப்பவர்களின் உலகம் ஒரு வகுத்தல் கணக்கில் தொடங்குகிறது. நாங்கள் கைக்கொண்டிருக்கும் எச்.ஓ. அளவில் வகுக்கும் எண் 87. நிஜத்தில் 87 அடி நீளமுள்ள ஒன்று எங்கள் மேசையில் ஓர் அடி. மனிதன் 2 சென்டிமீட்டர். ரயில் பெட்டி உள்ளங்கையில் அடங்கிவிடும். ஆனால் தானியக் கோபுரம் மட்டும் எத்தனை சிறிதாக்கினாலும் அடங்க மறுக்கிறது. 125 அடி உயரக் கோபுரத்தை 87ஆல் வகுத்த பிறகும் ஏறக்குறைய 44 சென்டிமீட்டர் எஞ்சி நிற்கும். பக்கத்தில் வைத்த வீடுகளும் தேவாலயமும் அதன் காலடியில் கூழாங்கற்களாகிவிடும். சமவெளியில் அதுதானே உண்மை? மேற்கு மினசோட்டாவின் நெடுஞ்சாலைகளில் ஓர் ஊர் வரப்போவதைப் பல மைல்களுக்கு முன்பே அறிவிப்பது தேவாலய ஊசிக் கோபுரமன்று, தானியக் கோபுரம்தான்.

இதைத் தமிழில் எப்படி அழைப்பது என்று நாங்கள் இருவரும் நிறையப் பேசியிருக்கிறோம். களஞ்சியம் என்றால் தரையோடு தரையாக அகன்ற ஒரு கட்டடம் மனத்தில் எழுகிறது. குதிர் என்பதே வடிவத்தாலும் வேலையாலும் பொருந்துகிறது. மண்ணில் வனைந்து வீட்டின் மூலையில் நிறுத்திய உருளை. மேலே வாய், கீழே சிறு துளை. அதையே கான்கிரீட்டில் வார்த்து வானத்தில் ஏற்றி, பக்கத்தில் தண்டவாளம் போட்டால் அமெரிக்கக் கோபுரம். ஆகவே எங்கள் வீட்டு நிலவறையில் நான்காண்டுகளாக வளர்ந்துவரும், 1950களின் இறுதியைச் சேர்ந்த அந்தப் பெயரற்ற ஊரில், நாங்கள் கட்டுவது குதிர்.

கான்கிரீட்டுக்கு வருவதற்கு முன் மரம் இருந்தது. பஃபலோ நகரில் 1842இல் ஜோசப் டார்ட் நீராவி விசையால் தானியத்தை மேலேற்றும் கிடங்கைக் கட்டியதிலிருந்து, பல்லாண்டுகள் அவை பெரும்பாலும் மரத்தாலானவையே. உலர்ந்த மரம், உலர்ந்த தானியம், காற்றில் தூசி. தீப்பிடிக்க வேறென்ன வேண்டும்? எங்கள் வீட்டிலிருந்து சற்றுத் தொலைவில், செயின்ட் லூயிஸ் பார்க்கில், அதற்கு விடை தேடிய ஒற்றைக் கோபுரம் இன்றும் நிற்கிறது. தானிய வணிகர் ஃபிராங்க் பீவியும் கட்டுநர் சார்லஸ் ஹாக்லினும் 1899இல் தொடங்கி மறு ஆண்டில் முடித்தது. வட்ட வடிவ அச்சுக்குள் கான்கிரீட்டை ஊற்றி, அது இறுகியதும் அச்சை மேலே நகர்த்தி மீண்டும் ஊற்றியிருக்கிறார்கள். உள்ளே தானியத்தை நிரப்பித் திறந்துவிட்டால் வெடித்துச் சிதறும் என்று எதிர்பார்த்தவர்கள் அதற்குப் ‘பீவியின் பைத்தியக்காரத்தனம்’ என்று பெயரிட்டார்கள். அது சிதறவில்லை. பரிசோதனைக்காகவே பிறந்ததால் அதன்பின் அதில் தானியம் சேமிக்கப்படவுமில்லை! இப்போது ஒரு சமையல் பாத்திர நிறுவனத்தின் பெயரை மார்பில் தாங்கி, நெடுஞ்சாலைக்கு அருகே நிற்கிறது. அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்த நாளில்தான் எங்கள் ஊருக்கும் மரக் கோபுரமன்று, கான்கிரீட் உருளைகளே வேண்டுமென்று தீர்மானித்தோம்.

கட்டுமானம் சுருக்கமாகச் சொல்லிவிடக் கூடியது. இரண்டரை அங்குலப் பி.வி.சி. குழாயின் வெளிவிட்டம் 7.3 சென்டிமீட்டர், 87ஆல் பெருக்கினால் 20 அடிக்குச் சற்று அதிகம். குழாய் வணிகர்கள் எங்களுக்காகவே முன்கூட்டி வகுத்து வைத்ததைப்போல. ஆறு துண்டுகள், இரண்டு வரிசை. மேலே ஸ்டைரீன் தகட்டில் எந்திர அறை, அதனுள் (யாரும் பார்க்கப்போவதில்லையென்றாலும்) வாளிப் பட்டையின் உச்சிச் சக்கரம். தண்டவாளப் பக்கம் சாய்ந்திறங்கும் குழல். அன்றைய தானியம் சாதாரணச் சரக்குப் பெட்டிகளில் சென்றது. கதவுத் திறப்பில் பலகைகளை அடித்து, மேலே இடைவெளி விட்டு, அதன் வழியே நிரப்புவார்கள். ஆகவே எங்கள் பெட்டிகளிலும் தீக்குச்சி அகலத்தில் பலகைகள்.

வண்ணம் தீட்டுவதே இதில் வித்தை. கான்கிரீட் சாம்பல் நிறம் என்று நம்புகிறவர்கள் கான்கிரீட்டைப் பார்க்காதவர்கள். வெயிலில் வெளிறிய பழைய கான்கிரீட்டில் மஞ்சள் உண்டு, மாலையில் இளஞ்சிவப்புக்கூட உண்டு. முதலில் குழாயின் பளபளப்பு போக உப்புத்தாளால் நீள்வாக்கில் அன்றிச் சுற்றுவாக்கில் தேய்க்க வேண்டும். அந்தக் கீறல்களே பிறகு வார்ப்பின் படலங்களாகத் தோன்றும். அடிப்பூச்சுக்கு மேல் வெளிர் சாம்பலில் மண் நிறம் கலந்து ஏர்பிரஷ்ஷால் தூற்றினோம். ஒரே கலவையை ஆறுக்கும் அடிக்காமல், ஒவ்வொன்றிலும் ஒரு துளி மாற்றினோம். காய்ந்தபின் கூரிய பென்சிலால், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் கிடைக்கோடுகள். இறுதியாக, சாராய வகைக் கரைப்பானில் சில துளி இந்திய மை விட்டு உச்சியிலிருந்து ஒழுகவிட்டால், மழை ஐம்பதாண்டுகள் செய்வதை அது ஐந்து நிமிடங்களில் செய்துவிடுகிறது. எங்கு நிறுத்துவது என்பதில்தான் இருவருக்கும் பூசல். எங்களில் ஒருவருக்குத் துருவும் கறையும் எத்தனை இருந்தாலும் போதாது. மற்றவரோ கூட்டுறவுச் சங்கத்தார் அப்போதுதானே கட்டினார்கள், அதற்குள் ஏன் முதுமை என்பார்.

இந்தக் கோபுரங்களின் மீது கட்டடக் கலைஞர்கள் கொண்ட மையல் தனிக்கதை. கிரோப்பியஸ் 1913இல் அவற்றின் படங்களை வெளியிட்டார். லெ கோர்பூசியே 1923இல் வந்த தம் நூலில் அவற்றைப் புதுயுகத்தின் முதற்கனிகளாகக் கொண்டாடினார். அப்படங்களில் ஒன்றில் உச்சியிலிருந்த அலங்கார முகப்புகளை, தம் கொள்கைக்கு இடைஞ்சலென்று அழித்துவிட்டே அச்சிட்டார். தூய உருளை வேண்டுமென்பதற்காக உண்மையைச் சுரண்டிவிட்டார் என்று நாங்கள் முன்பு சற்றே ஏளனமாகப் பேசுவதுண்டு.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் எண்பதைக் கடந்தவர். இளமையில் இத்தகைய கோபுரமொன்றில் வேலை பார்த்தவர் என்பதால், ஒவ்வொரு கட்டமும் முடிந்ததும் அழைத்துக் காட்டுவோம். ஏணிப் படிகளின் இடைவெளியையும் குழலின் சாய்வையும் திருத்தித் தந்தவர் அவர். கூரையில் ஒரு மூடியைத் திறந்து வைத்து, கையில் நீண்ட கழியோடு உள்ளே எட்டிப் பார்க்கும் ஓர் ஆளை ஒட்டியிருந்தோம். கூரை வெறிச்சோடிக் கிடந்ததே காரணம். பெரியவர் அந்த ஆளை நெடுநேரம் பார்த்தார். பிறகு, தம் அண்ணன் அப்படித்தான் ஏறினார் என்றார்.

தானியம் திடப்பொருளன்று, நீருமன்று. ஈரம் பட்டு மேற்பரப்பு பாளமாக இறுகிவிடும். அடியில் மதகைத் திறந்தால் பாளத்துக்குக் கீழே வெற்றிடம் உருவாகும். குத்தி உடைக்க இறங்குகிறவன் அதன்மேல் நிற்கிறான். உடைந்ததும் தானியம் நடுவில் சுழித்துக் கீழிறங்கும். சில நொடிகளில் முழங்கால். அரை நிமிடத்துக்குள் தலை. இடுப்புவரை புதைந்தவனைக் கையால் இழுத்து எடுக்க இயலாது. கீழே மதகருகே நின்றது தாமே என்றும், மேலே வேறு யாருமில்லை என்றும் பெரியவர் சொன்னார். ஆண்டு 1959.

‘எங்கப்பன் குதிருக்குள் இல்லை’ என்ற பழமொழியைச் சிரிக்காமல் சொன்ன தமிழர் உண்டா? நாங்களும் வேடிக்கையாக எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். அன்றிரவு ஒருவருக்கு அது நாவில் வந்ததும், மற்றவருக்கும் அதே சொற்கள் வந்து நின்றதும் இருவருக்கும் தெரிந்தது. யாரும் சொல்லவில்லை.

அந்த ஆளை எடுத்துவிடலாமா என்று கேட்டதற்குப் பெரியவர் வேண்டாமென்றார். இன்னொருவனை வையுங்கள் என்றார். மேலே, மூடிக்கு அருகே, கயிற்றைப் பிடித்தபடி.

இதில் எங்களுக்குள் மூன்று நாள் வழக்கு நடந்தது. நாங்கள் அமைப்பது 1950களின் ஊர். அக்காலத்தில் அவ்வூர்களில் பலர் தனியாகத்தான் இறங்கினார்கள். கயிறு கட்டி இறங்கவேண்டும், மேலே ஒருவர் காவல் நிற்கவேண்டும் என்றெல்லாம் நாடு முழுவதற்குமான விதிகள் வந்தது 1980களின் முடிவில். இல்லாத காவலனை நிறுத்துவது லெ கோர்பூசியே முகப்பை அழித்ததற்கு எவ்விதத்தில் மேல் என்று எங்களில் ஒருவர் கேட்டார். அவர் அழித்தது தமக்காக, இது அவ்வாறன்று என்றார் மற்றவர். இது தர்க்கமாகாது என்று இருவருக்கும் தெரியும். ஆயினும் ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் ஆளுக்கு வண்ணம் தீட்டினோம்: நீல மேலங்கி, வைக்கோல் தொப்பி. முக்கால் அங்குலக் கயிற்றை 87ஆல் வகுத்தால் ஏறக்குறைய தையல் நூலின் பருமன் வருகிறது. பழுப்பு நூலில் மெழுகு தேய்த்து விறைப்பாக்கினோம்.

பெரியவர் உருப்பெருக்கியோடு வந்து பார்த்தார். முடிச்சு இடுப்பில் இருக்கிறது, அக்குளுக்குக் கீழே மார்பைச் சுற்றி வரவேண்டும் என்றார். இடுக்கியால் பிரித்துக் கட்டுவதற்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. அவர் அருகிலேயே நாற்காலி போட்டு அமர்ந்து விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்.