ஓடிய தொலைவு

பந்தய வண்டியின் தோற்றம் கொண்ட மோட்டார் சைக்கிள்களுக்கு முன்புறம் ஒரு மேலுறை உண்டு. காற்றின் எதிர்ப்பைக் குறைப்பதும், அது ஓட்டுபவரின் மார்பில் மோதாமல் காப்பதும் அதன் பணி. 1976ஆம் ஆண்டு வெளிவந்த பி.எம்.டபிள்யூ ஆர் 100 ஆர்.எஸ். வண்டியின் மேலுறையைக் காற்றுச் சுரங்கத்தில் சோதித்தே வடிவமைத்தனர். ஓட்டுபவருக்கு நலம் செய்யும் அவ்வுறை, பழுது நீக்குபவரின் பொறுமையைச் சோதிக்கும். வேகமானிக்குள் எரியாத சிறு விளக்கொன்றை மாற்றுவதற்கும் வண்டியின் முகத்தையே கழற்ற நேரும்.

என் தந்தையார் பல்லாண்டுகள் ஓட்டிய வண்டி அத்தகையது. அதன் மானிகளைக் கழற்றும் பணியை நானே மேற்கொண்டேன். முதலில் மின்கலத்தின் எதிர்முனை இணைப்பை நீக்கினேன்; பின்னர்ப் பக்கக் கண்ணாடிகள்; அதன்பின் மேலுறை. அதன் திருகாணிகள் ஒரே நீளமுடையவை அல்ல. குட்டையானதற்குரிய துளையில் நெட்டையானதை முறுக்கினால் உறை விரிசல் விடும். ஆதலின், ஓர் அட்டையில் உறையின் வடிவத்தை வரைந்து, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் குத்திவைத்தேன். மின்கம்பிகளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டினேன். வேகமானியின் வடத்தைக் கையாலேயே திருகி விடுவித்தேன். கழற்றிய மானியை முகம் மேல்நோக்குமாறு வைத்தேன். நெடுநேரம் கவிழ்த்து வைத்தால் பழுதுறும் எனத் தொழிற்கையேடுகள் எச்சரிப்பதுண்டு.

வேகமானியின் அமைப்பு வியப்புக்குரியது. 1902ஆம் ஆண்டு ஓட்டோ ஷுல்ட்சே என்பார் ஜெர்மனியில் காப்புரிமை பெற்ற முறை அது. சக்கரத்தின் இயக்கத்தால் சுழலும் வடம் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. அக்காந்தத்தைத் தொடாமல் சூழ்ந்திருக்கும் அலுமினியக் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் தோன்றி, கிண்ணத்தையும் உடன் திருப்ப முயல்கிறது. மெல்லிய சுருள்வில் ஒன்று அதனைத் தடுக்கிறது. இவ்விரண்டும் சமனாகும் இடத்தில் முள் நிற்கிறது. வண்டி நின்றால் முள் சுழியத்திற்குத் திரும்பிவிடும். அதனோடு இணைந்த தொலைவுமானியோ திரும்புவதில்லை. அதன் எண்ணுருளைகள் பற்சக்கரங்களால் ஒன்றையொன்று தள்ளி, கடந்த தொலைவையெல்லாம் கூட்டிவைக்கின்றன.

"வண்டியை விற்கத்தானே போகிறீர்கள்? மானி கையில் இருக்கும்போதே எண்ணைக் குறைத்துவிட்டால் நல்ல விலை கிடைக்குமே" என்றார் வண்டியைப் பார்க்க வந்த தரகர். உருளைகள் என் விரலருகே இருந்தன; வீட்டில் பணத்தேவையும் இருந்தது. ஆனால், அந்த எண்ணில் என் தந்தையார் நாள்தோறும் பணிக்குச் சென்று மீண்ட தொலைவு இருந்தது. மேலும், சங்கிலியும் தடைக்கட்டைகளும் பொறியும் எவ்வளவு தேய்ந்திருக்கும் என்பதை முன்பின் அறியாத ஒருவர் அவ்வெண்ணைக் கொண்டே கணிப்பார். அதைக் குறைத்தால், தேய்ந்த தடைக்கட்டையைப் புதியதென நம்பி அவர் சாலையில் விரைவார்.

"உள்ளபடி சொல்லியே விற்போம், ஐயா" என்றேன்.

"விலை குறையுமே!"

"குறையட்டும்."

விளக்கை மாற்றியபின், கழற்றியவற்றை எதிர்வரிசையில் பொருத்தினேன். அட்டையில் ஒரு திருகாணியும் எஞ்சவில்லை. சாவியைத் திருப்பியதும் மானி ஒளிர்ந்தது. எண் முன்பிருந்தவாறே தெரிந்தது. எதிர்பார்த்ததைவிடக் குறைந்த விலைக்கே வண்டி போயிற்று. வாங்க வந்த இளைஞர் அந்த எண்ணைக் குனிந்து படித்து, தடைக்கட்டைகளை மாற்றிய பிறகே ஓட்டுவதாகச் சொல்லிச் சென்றார்.