நாற்பது கம்பி

பின்சக்கரத்துக்கு 40 கம்பி, முன்சக்கரத்துக்கு 32. பாரம் பின்னால்தான் உட்காரும் என்று வெள்ளைக்காரன் காலத்தில் எவரோ போட்ட கணக்கு. நெல் மூட்டை, பால் கேன், பெண்டாட்டி, பிள்ளை என்று நாம் எதையெதையோ ஏற்றிப் பார்த்துவிட்டோம். கணக்கு இன்னும் நிற்கிறது. இப்போது பாய் கையில் இருப்பது பின்சக்கரம். டயர், ட்யூப் எல்லாம் உரித்தாகிவிட்டது. சுவரில் அறைந்திருக்கும் பழைய ஃபோர்க் ஒன்றில் அச்சைப் பொருத்திச் சுற்றிவிடுகிறார். ஓடும்போது ஓரிடத்தில் ரிம் இடப்பக்கம் ஒதுங்கி மறுபடி நேராகிறது. நம் கண்ணுக்கு அது ஒரு நொடிகூட நிற்காது. அவர் தலையாட்டிக்கொள்கிறார்.

"கோட்டம்," என்கிறார், யாரிடமும் இல்லாமல்.

புதுக்கோட்டையில் கீழ ராஜ வீதியிலிருந்து பிரியும் சந்தில் இருக்கிறது பாயின் சைக்கிள் கடை. ராஜ வீதிகள் நேர்நேராக ஓடுவதில் ஊர்க்காரர்களுக்கு ஒரு பெருமை உண்டு. திவான் சேஷையா சாஸ்திரி காலத்தில் கோடு போட்டுத் திருத்திய ஊர். சந்துகளுக்கு அந்தப் பெருமை எட்டவில்லை. இந்தச் சந்து கடைக்கு எதிரே வந்ததும் வளைகிறது. வளைவில் தடுமாறும் எந்தச் சைக்கிளும் பாய் கடை வாசலில்தான் வந்து நிற்கும். அவருடைய அத்தா இடம் பார்த்துத்தான் கடை போட்டிருக்கிறார்.

பாய் காது மேல் செருகியிருக்கும் சாக்பீஸை எடுக்கிறார். ஃபோர்க்கில் விரலை ஊன்றிக்கொண்டு, சுற்றும் ரிம்முக்கு ஒரு நூல் இடைவெளியில் அதைப் பிடிக்கிறார். ஒதுங்கி வருகிற இடம் மட்டும் உரசி வெள்ளையாகிறது. சக்கரத்தை நிறுத்தி, வெள்ளை விழுந்த இடத்தில் இருக்கும் கம்பிகளை விரலால் சுண்டிப் பார்க்கிறார். ஒன்று கணீரென்கிறது, அடுத்தது சொத்தென்கிறது. நிப்பிள் கீயால் அதைக் கால் சுற்று முறுக்குகிறார். எதிர்ப்பக்கத்துக் கம்பியை அதே அளவு தளர்த்துகிறார். மறுபடி சுற்று, மறுபடி சாக்பீஸ். முழுச் சுற்று முறுக்கினால் சீக்கிரம் முடியும் என்று தோன்றும். அப்படிச் செய்தால் கோட்டம் தீராது, இன்னோரிடத்துக்குப் போய்விடும்.

சாக்பீஸ் வாத்தியார் உபயம். ஓய்வு பெற்றவர். ரிப்பேருக்குச் சைக்கிள் எதுவும் இல்லாமலே காலையில் வந்து, தினத்தாளை விரித்து, ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவார். கடைக்கு வருகிற புது முகம் எதுவும் 1991-ஐக் கேட்காமல் திரும்ப முடியாது. இன்றைக்கு அந்தப் புது முகம் நான். நான் எதுவும் கேட்கவில்லை. அது அவருக்குத் தடையாகவும் இல்லை.

"ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்தாங்க. அறிவொளி இயக்கம் ஆரம்பிச்ச நேரம். எழுத்து, கணக்கு, அதோட சைக்கிள். பொம்பளைகளுக்குச் சைக்கிளும் ஒரு பாடம்னு வச்சாங்க. எந்த ஊர்ல கேள்விப்பட்டிருக்கீங்க? 92 மகளிர் தினத்தன்னிக்கு ஆயிரத்தைந்நூறு பேருக்கு மேல, ஹேண்டில்ல கொடியக் கட்டிக்கிட்டு, பெல்ல அடிச்சுக்கிட்டு டவுனுக்குள்ள வந்தாங்க. பத்திரிகைக்காரர் சாய்நாத் வந்து பார்த்து எழுதினார். வடக்கே எட்டாம் வகுப்பு இந்திப் புத்தகத்துல ரொம்ப வருஷம் அது பாடம். டெல்லிப் பிள்ளைக நம்ம புதுக்கோட்டையப் படிச்சு பரீட்சை எழுதிச்சுக. நம்ம பிள்ளைகளுக்குத்தான் தெரியாது."

இந்தக் கடைசி வரியைச் சொல்லும்போது அவர் குரல் ஏறுகிறது. நியாயமான கோபம்தான்.

"லட்சம் பேர் கத்துக்கிட்டாங்க பாய், இல்லையா?"

பாய் கம்பியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கத்துக்கிட்டது லட்சம் இருக்கும் சார். கோணிக்கிட்டு வந்த ஹேண்டில் எத்தனைன்னு எவனும் எண்ணல."

அப்போது அவருக்கு மீசை அரும்பிய வயது. அத்தாவின் வாடகைச் சைக்கிள் கடையில் வேலை. காலையில் எடுத்துப்போன வண்டி இருட்டியபிறகு தள்ளிக்கொண்டுதான் வரும். எடுத்துப்போனது ஆம்பிளை, கம்மாக்கரையிலும் பள்ளிக்கூடப் பொட்டலிலும் ஓட்டிப் பழகியது அவன் தங்கையோ பெண்டாட்டியோ. விழுந்தால் முதலில் ஹேண்டில் திரும்பும், பிறகு பெடல் கட்டை வளையும், அப்புறம் ரிம். இரவெல்லாம் முன்சக்கரத்தை முட்டிகளுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு ஹேண்டிலை நேராக்கியது தான்தான் என்கிறார். அத்தா திட்டினாரா என்றால் இல்லை. வாடகைதான் இரட்டிப்பாக வந்ததே.

"லேடீஸ் சைக்கிளே கெடைக்கல," என்று வாத்தியார் இடைவெட்டுகிறார். "கடைக்காரனெல்லாம் ஆர்டர் போட்டுட்டுக் காத்துக் கெடந்தான்."

"கெடைக்காட்டிப் போகுது. பாரு வச்ச வண்டிதான் வேணும்னு கேட்டவுகளும் உண்டு. பாருல பிள்ளைய உக்கார வச்சுக்கலாம்ல."

சீலை தட்டக்கூடாது என்பதற்காக நடுப் பாரை எடுத்துவிட்டு, சட்டத்தை வளைத்துப் பெண்களுக்கென்று ஒரு வண்டி செய்தார்கள் தொழிற்சாலைக்காரர்கள். இந்த மாவட்டத்துப் பெண்கள் அதைப் பார்த்துவிட்டு, சீலையை இடுப்பில் செருகிக்கொண்டு, பார் வண்டியைக் கேட்டார்கள். வடிவமைப்பு அலுவலகங்களில் இப்படி ஒரு தீர்ப்பு போய்ச் சேர்ந்ததா என்று எனக்குச் சந்தேகம். போயிருந்தால் பாரிலேயே ஒரு குட்டி சீட்டைப் பொருத்தி அனுப்பியிருப்பார்கள். அனுப்பவில்லை. அதை மாட்டிக் கொடுத்தது பாய் மாதிரி ஆட்கள்.

சக்கரத்துக்குச் சொந்தக்காரி வந்துவிட்டார். அறுபதை ஒட்டிய வயது. காலையில் வண்டியை விட்டுவிட்டுப் பேங்குக்குப் போய்த் திரும்புகிறார். கையில் மஞ்சள் பை.

"இன்னுமா ஆகல?"

"ஆச்சுக்கா. செத்த உக்காருங்க."

உட்காரவில்லை. சுவரோரம் சக்கரமில்லாமல் கவிழ்த்து வைத்திருக்கும் தன் வண்டியை ஒரு சுற்று பார்க்கிறார். பார் வைத்த வண்டிதான். பச்சை பெயிண்ட் அநேகமாகப் போய்விட்டது. பாரில் குட்டி சீட் இன்னும் இருக்கிறது. அதன் ரெக்சின் கிழிந்து, உரச்சாக்குத் துண்டு ஒன்று சுற்றிக் கட்டப்பட்டிருக்கிறது.

வாத்தியாருக்குச் சாட்சி கிடைத்துவிட்டது. "இந்தம்மா குடுமியாமலைப் பக்கம். குவாரில கல்லு ஒடச்சவங்க. அறிவொளில கத்துக்கிட்டு மத்தவங்களுக்கும் கத்துக் குடுத்தாங்க. சொல்லுங்கம்மா."

"என்னத்தச் சொல்ல? பிரேக்குக் கட்டையும் மாத்திரு தம்பி."

"இல்லம்மா, அப்ப எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க."

அந்த அம்மா வாத்தியாரைப் பார்க்கிறார். பழக்கப்பட்ட கேள்வி என்பது முகத்தில் தெரிகிறது. "பஸ்ஸு காலைல ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு. அதுக்கு நின்னா வீட்டுல ஒல கொதிக்காது. சைக்கிளு இருந்தா நெனச்ச நேரம் போகலாம், நெனச்ச நேரம் வரலாம். வேறென்ன?" பிறகு, கேட்காமலே: "பிடிச்சிருக்கேன் பிடிச்சிருக்கேன்னு சொல்லிக்கிட்டே கேரியர விட்டுருவாளுக. எனக்கும் அப்படித்தான் விட்டாளுக. நானும் அப்படித்தான் விட்டேன். ஒருத்தி நேரா போயி எருக்குழில எறங்குனா."

சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். வாத்தியார் எதிர்பார்த்தது வேறு மாதிரியான பதில். அவரிடம் மேடைக்குரிய பதில்கள் நிறைய இருக்கின்றன.

நடுவில் ஒரு பிளஸ் ஒன் மாணவி. பள்ளிக்கூடத்தில் கொடுத்த புதுச் சைக்கிள். கூடையிலிருந்து பிளாஸ்டிக் உறைகூட முழுதாகப் பிரியவில்லை. 2001-இல் பட்டியலின மாணவிகளுக்கென்று தொடங்கி, பிறகு அரசுப் பள்ளிப் பிளஸ் ஒன் பிள்ளைகள் எல்லாருக்குமானது இந்த இலவசச் சைக்கிள். கடையில் இப்போது நடக்கும் வேலையில் பாதிக்கு மேல் இந்த வண்டிகள்தான்.

"டக்கு டக்குன்னு சத்தம் வருது பாய்."

"புது வண்டின்னா வரும். கம்பியெல்லாம் ஒக்காரணும்ல. ஒரு மாசம் ஓட்டிட்டுக் கொண்டா, இழுத்துக் குடுக்கறேன்." சொல்லிக்கொண்டே காட்டர் பின் நட்டில் ஸ்பேனரைப் போட்டு ஒரு இழுப்பு. சத்தம் நின்றுவிட்டது. ஆனால் அவர் வண்டியை விடவில்லை. "ஏறி உக்காரு."

ஏறுகிறாள். இரண்டு காலும் தரையில் நன்றாக ஊன்றுகின்றன.

"குதிகாலப் பெடல்ல வையி. பெடலக் கீழ எறக்கு. முட்டி மடங்கியே இருக்குது பாரு. கால் நேரா நிக்கணும். இப்படியே ஓட்டுனா முட்டி வலிக்கும், வண்டி கனக்குதும்ப, அப்புறம் ஸ்கூட்டி கேப்ப."

"சீட்ட ஏத்தினா கால் எட்டாது பாய்."

"நிக்கும்போது எறங்கிக்க."

"பயமா இருக்கும்."

இந்தப் பேச்சுவார்த்தை கொஞ்ச நேரம் நடக்கிறது. பாய்க்கு நான்கு விரல் ஏற்ற வேண்டும்; அவளுக்கு ஒன்றுகூட ஏறக்கூடாது. "ஏத்திக்க ஆத்தா, நாங்கல்லாம் ஏத்தித்தான் ஓட்டுனோம்," என்று அம்மாவும் சேர்ந்துகொள்கிறார். கடைசியில் இரண்டு விரல். அவள் தெருமுனை வரைக்கும் தடுமாறிப் போய், அப்புறம் சமாளித்துக்கொள்கிறாள். பாய் காசு வாங்கவில்லை. திட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எத்தனை சைக்கிள் கொடுத்தார்கள் என்ற எண்ணோடு முடித்துக்கொள்கிறார்கள். அந்த வண்டி இரண்டு வருஷத்துக்குப் பிறகும் ஓடுமா, திண்ணையில் சாத்திக் கிடக்குமா என்பது இந்த இரண்டு விரலில் இருக்கிறது.

பாய் ஃப்ரீவீலைப் பூட்டுகிறார். அது வந்த அட்டைப்பெட்டியில் லூதியானா முகவரி. அலமாரியில் இருக்கும் பெட்டிகள் அநேகமாக எல்லாவற்றிலும் லூதியானாதான். ஆனால் அந்த அம்மாவின் சட்டம் அம்பத்தூர்க்காரன் செய்தது என்கிறார் பாய், தட்டிக் காட்டி. 1949-இல் அங்கே டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கிய முருகப்பா குடும்பத்துக்குச் சொந்த ஊர் காரைக்குடிக்குப் பக்கத்துப் பள்ளத்தூர். இங்கிருந்து ஒரு காலைப்பொழுதில் மிதித்துப் போய்விடலாம்.

வெயில் ஏறியபிறகு ஓர் இளைஞன் வருகிறான். ஹெல்மெட், இறுக்கமான சட்டை, ஹேண்டிலில் வழி காட்டும் கருவி. வண்டியை ஒரு விரலால் தூக்கிவிடலாம் போலிருக்கிறது. திருச்சியிலிருந்து வருகிறான். முள் குத்தி, ட்யூபை அவனே மாற்றிவிட்டான். கையில் இருந்த சின்னப் பம்பு உடைந்துவிட்டது. காற்று மட்டும் வேண்டும்.

கடைப் பையன் கம்ப்ரஸர் குழாயை இழுத்து வருகிறான். பொருந்தவில்லை. வால்வு பென்சில் முனை போல மெலிந்து, நுனியில் குட்டி நட்டோடு இருக்கிறது. இளைஞன் முகம் வாடுகிறது. "இதுக்குத் தனி அடாப்டர் வேணும்ணா. இங்க கெடைக்காது."

பாய் எழுந்து வருகிறார். நுனி நட்டைத் தளர்த்தி, நகத்தால் ஒரு அழுத்து. உஸ்ஸென்று கொஞ்சம் காற்று. "அந்தப் பழைய கைப்பம்ப எடுடா." சைக்கிளோடு வாடகைக்குப் போய்வந்த காலத்துப் பித்தளைப் பம்பு. அதன் கவ்வியைப் பொருத்துகிறார், கவ்விக்கொண்டது. பையன் ஏறி ஏறி அடிக்கிறான். இந்த டயருக்குக் காற்று சாதா வண்டியைப் போல இரண்டு மடங்கு வேண்டும். அடிக்க அடிக்க பம்பு எதிர்த்து எழும்புகிறது. பையனோடு பாயும், பாயோடு இளைஞனும் மாற்றி மாற்றி அடிக்கிறார்கள்.

"எங்க தம்பி போற?" என்கிறார் அம்மா.

"பிரெவேம்மா. 200 கிலோமீட்டர். பதிமூணரை மணி நேரத்துக்குள்ள முடிக்கணும்."

"முடிச்சா?"

"அடுத்தது 300. அப்புறம் 400, 600. ஒரே வருஷத்துல நாலையும் முடிச்சா ஒரு பட்டம். பிரான்ஸ்ல நாலு வருஷத்துக்கு ஒருதடவ 1,200 கிலோமீட்டர் நடக்கும். தொண்ணூறு மணி நேரம். அதுக்குப் போகணும்."

"காசு தருவாகளா?"

"இல்லம்மா, நாமதான் கட்டணும்."

அம்மா வாத்தியாரைப் பார்க்கிறார். வாத்தியார் தினத்தாளைப் பார்க்கிறார்.

"பொம்பளைகளும் வருவாகளா?"

"வருவாங்க. கொஞ்சப் பேர்தான்."

"ராத்திரியும் ஓட்டுவாகளா?"

"300-லேர்ந்து ராத்திரியும் உண்டு."

இதற்கு மட்டும் அந்த அம்மா உடனே எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் அவனுடைய முன்விளக்கைக் குனிந்து பார்த்தார். "எங்க காலத்துல டைனமோ. மெதுவாப் போனா வெளிச்சம் மங்கிரும். பயத்துல வேகமா மிதிப்போம்."

சக்கரம் ஏறிவிட்டது. பாய் பெடலைக் கையால் சுற்றுகிறார். பிரேக் கட்டைகளுக்கு நடுவே ரிம் இரண்டு பக்கமும் படாமல் ஓடுகிறது. அம்மா குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்து ஒப்புதல் தருகிறார். கல்லில் நூல் பிடித்துப் பழகிய கண்.

"அந்தப் பாரு சீட்ட எடுத்துறவாக்கா? கிழிஞ்சு கெடக்கு. பேரப்பிள்ளைகளும் பெருசாயிருச்சு."

"இருக்கட்டும். ரேசன் பைய எதுல வைப்பேன்?"

விலை பேசுகிறார்கள். கம்பி மூன்று, பிரேக் கட்டை ஒரு செட், கூலி. பாய் சொன்னதில் ஐம்பது குறைத்துக் கொடுத்துவிட்டு, சீலையைச் செருகிக்கொண்டு வண்டியை உருட்டுகிறார். வளைவில் நின்று இளைஞனைத் திரும்பிப் பார்த்து, "குடுமியாமலைப் பக்கமாப் போனா வீட்டுக்கு வா தம்பி. காத்து எறங்குனா எங்கிட்டயும் இதே மாதிரி பித்தளப் பம்பு இருக்கு," என்கிறார்.

பாய் ஸ்பேனரைக் கீழே போட்டார். "அக்கா, அது எங்க கடைப் பம்பு! அத்தா இருக்கும்போது எடுத்துட்டுப் போனீங்க!"

"அப்ப அந்த அம்பதையும் சேத்து எழுதிக்க," என்று குரல் மட்டும் வளைவுக்கு அப்பாலிருந்து வந்தது. பெல் இரண்டு தரம் அடித்தது.