பச்சை ஃபைலும் மொரீஷியஸும்

அரசாங்கத்தில் முப்பத்தைந்து வருஷம் நோட் எழுதியவன் ஓய்வு பெற்றாலும் அந்தப் பழக்கம் விடாது. மொரீஷியஸ் போவதென்று 2023 ஆடி மாதம் முடிவானதும் நான் முதலில் செய்த காரியம், சரோஜினி நகர் மார்க்கெட்டில் ஒரு பச்சை ஃபைல் வாங்கியதுதான்.

எழுபதுகளில் டெல்லிக்கு வந்து சேர்ந்த எங்களுக்கெல்லாம் விடுமுறை என்றால் கும்பகோணம். ஜி.டி. எக்ஸ்பிரஸ் டிக்கெட்டுக்காக விடியற்காலையில் கியூவில் நின்று பழகியவர்கள். 1976இல் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் வந்தபோது சொர்க்கவாசல் திறந்தது போல இருந்தது. "ஒரு தடவையாவது சும்மா கடலோரத்தில் உட்கார்ந்துட்டு வரணுங்க" என்று என் மனைவி சொல்லி நாற்பது வருஷம் இருக்கும். அதற்கு மட்டும் நான் ஃபைல் போடவில்லை.

எந்தத் தீவு என்று முடிவாகும் முன்பே ஒரு மாதம் ஆராய்ந்திருந்தேன். சான்சிபாருக்கு நைரோபியில் தங்கிப் போவதென்றால் பத்து நாள் முன்பே மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டிருக்க வேண்டும். அறுபது தாண்டியவர்களுக்கு அதை டாக்டர்கள் யோசித்துத்தான் போடுவார்கள். செஷல்ஸின் விக்டோரியா நகரில் பிள்ளையார் கோயில் உண்டு, பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் புயல் பயமும் குறைவு. ஆனால் விடுதி வாடகை பென்ஷனுக்கு எட்டவில்லை. மொரீஷியஸில் விசாவுக்கு அலைய வேண்டாம், தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை, ரூபாய் நோட்டில் தமிழ். 1998இல் புது நோட்டில் தமிழைக் கீழே தள்ளி இந்தியை மேலே போட்டார்கள். அங்குள்ள தமிழர்கள் எழுப்பிய எதிர்ப்பில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்று மறுபடி அச்சடித்தார்கள். ஐம்பது வருஷம் டெல்லியில் குப்பை கொட்டியவனுக்கு அந்த ஊர்மேல் மரியாதை வராமல் இருக்குமா?

2024இல் தைப்பூசம் ஜனவரி 25. மும்பை வழியாக 15ஆம் தேதிக்குச் சல்லிசாக டிக்கெட் கிடைத்தது. அன்றைக்குப் பொங்கல். "பொங்கலும் அதுவுமா வீட்டைப் பூட்டிட்டா கிளம்பறது?" என்றாள் என் மனைவி. மலை மந்திர் முருகன் கோயிலில் பார்க்கும் நண்பர் ஒருவரும் சொன்னார்: "சார், பூமத்திய ரேகைக்குத் தெற்கே காலம் தலைகீழ். ஜனவரி அங்கே கோடை, புயல் சீசன். செப்டம்பர்ல போங்க, அலையாம பார்க்கலாம்." ஐப்பசிப் புயலில் பிறந்தவனுக்கே புயல் பாடமா என்று சிரித்தேன். அவர் சொன்னதை ஃபைலில் எழுதி, 'பார்த்தேன்' என்று கையெழுத்தும் போட்டேன். ஆபீஸில் ஒரு யோசனையை அடக்கம் செய்யும் முறை அது.

பொங்கலன்று டெல்லியில் மூன்று டிகிரிக் குளிர். விமான நிலையக் கண்ணாடிக்கு வெளியே பனிமூட்டம் சுவர் மாதிரி நின்றது. பலகையில் வரிசையாகத் தாமதம், ரத்து. எங்கள் விமானமும் ரத்து. கவுன்டரில் இருந்த பையனைப் பிடித்துக்கொண்டு, கனெக்‌ஷன் போச்சு, ஹோட்டல் போச்சு என்று இந்தியிலும் இங்கிலீஷிலும் மாறி மாறிக் கத்தினேன். இருபத்தைந்து வயதிருக்கும். காலையிலிருந்து என்னைப் போல எத்தனை பேர் கத்தினார்களோ. அவன் பதில் பேசாமல் தன் செல்போனைத் திருப்பிக் காட்டினான். பெலால் என்று ஒரு புயல். போர்ட் லூயிஸ் தெருவில் கார்கள் மிதக்கின்றன. அங்கே விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள்.

இந்தப் பக்கம் பனி, அந்தப் பக்கம் புயல். நான் பச்சை ஃபைலைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. என் மனைவி விடியற்காலையில் எழுந்து குக்கரில் பொங்கி எடுத்துவந்த சர்க்கரைப் பொங்கலை ஒரு பேப்பர் கப்பில் வைத்து அவனிடம் நீட்டினாள். "காலா பேட்டா" என்றாள். அரை நூற்றாண்டு டெல்லியிலும் அவளுடைய இந்தி 'கா லோ'வைத் தாண்டாது, அதுவும் இப்படித்தான் வரும். அவன் அங்கேயே நின்றுகொண்டு சாப்பிட்டான். பிறகு உட்கார்ந்து தட்டித் தட்டி, கூடுதல் காசில்லாமல் இரண்டு டிக்கெட்டையும் தேதி மாற்றிக் கொடுத்தான். எந்த மாதம் என்று அவன் கேட்டபோது நான் வாய் திறக்குமுன் அவள் சொல்லிவிட்டாள்: "செப்டம்பர்."

செப்டம்பரில் அங்கே இதமான வெயிலும் லேசான காற்றும். குவாத்ர் போர்ன் ஊரில் மலைச் சரிவில் இருக்கும் முருகன் கோயிலுக்கு டாக்ஸியில் போனோம். ஓட்டுநரின் பெயரும் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் ஒரு முருகன்தான். தமிழ் வராது, கிரியோல்தான். வாடகைக்கு நூறு ரூபாய் நோட்டுகளை எண்ணிக் கொடுத்தபோது, ஒன்றில் இருந்த தமிழ் எழுத்தை விரலால் தொட்டு, எப்படிப் படிப்பது என்று சைகையில் கேட்டார். என் மனைவி, 'நூறு ரூபாய்' என்று குழந்தைக்குச் சொல்வதுபோல் இரண்டு தரம் சொல்லிக் கொடுத்தாள்.

சாயங்காலம் ஃபிளிக் ஆன் ஃபிளாக் கடற்கரை. மறுநாள் காலை எட்டு மணிக்கு எங்கே, ஒன்பதரைக்கு எங்கே என்று பார்க்க நான் ஃபைலை எடுத்தேன். "கொஞ்சம் கொடுங்க" என்று வாங்கினாள். மணல் ஈரமாக இருந்தது. ஃபைலை விரித்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, காலைத் தண்ணீர்ப் பக்கம் நீட்டிக்கொண்டாள்.