கடிதங்களும் ஓர் அமானிதமே



மணமேல்குடிக்கும் மீமிசலுக்கும் இடைப்பட்ட கடற்கரை ஊர்களில் எங்கள் மஹல்லாவும் ஒன்று. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் பிழைப்போர் பலர் இருப்பதால், ஜமாஅத்திற்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை இப்போது மின்னஞ்சலாகவே வருகின்றன. திருமணத்திற்கு ஜமாஅத் கடிதம் கேட்பவர், குர்பானிப் பங்கிற்குப் பணம் அனுப்பியவர், கணவன் மனைவி பிணக்கைப் பேசித் தீர்த்து வைக்க வேண்டுபவர், ஜகாத் நிதியிலிருந்து உதவி நாடுபவர் என அனைவரும் எழுதுவது ஒரே முகவரிக்குத்தான். பள்ளிவாசல் அலுவலகத்தின் இரும்பு அலமாரியில் இருப்பவற்றைவிட அதிக ரகசியங்கள் அந்தப் பெட்டியில் இருக்கின்றன. அதைப் பராமரிக்கும் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னிடம் உள்ளது. அதற்கு ஒரு வெப்மெயிலைத் தேர்ந்தெடுத்ததில் நான் செய்த பிழையையும், அதிலிருந்து கற்றதையும் எழுதுகிறேன். வேறு மஹல்லாவில் இதே வேலையைச் செய்யும் ஒரு சகோதரருக்குப் பயன்படலாம்.

தொடக்கத்தில் இருந்தது, ஒரு சகோதரர் தம் கைப்பேசி எண்ணைக் கொடுத்து இலவசச் சேவை ஒன்றில் ஏற்படுத்திய முகவரி. அவர் வேலைக்காக வெளிநாடு சென்றார். பழைய எண் கைவிட்டுப் போயிற்று. கடவுச்சொல்லை மாற்றுவதற்கான குறியீடோ அந்த எண்ணுக்கே செல்லும். நான்கு ஆண்டுக் கடிதங்கள் எங்களுக்கு எட்டாமற் போயின. அவர் மீது குற்றமில்லை. பொதுப் பெட்டியை ஒரு தனிமனிதரின் பெயரில் விட்டுவைத்தது எங்கள் அனைவரின் தவறு.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அரசர்களுக்குக் கடிதம் எழுத நாடியபோது, முத்திரையில்லாத கடிதத்தை அவர்கள் படிக்கமாட்டார்கள் என்று கூறப்பட்டதால், முத்திரையிடுவதற்கென ஒரு வெள்ளி மோதிரத்தைச் செய்துகொண்டார்கள். அம்மோதிரம் அவர்களுக்குப் பின் அபூபக்ர் (ரலி), உமர் (ரலி), உஸ்மான் (ரலி) ஆகியோரிடம் முறையே வந்து, பின்னர் அரீஸ் கிணற்றில் விழுந்து மறைந்ததாக ஸஹீஹுல் புகாரீயில் காண்கிறோம். பொறுப்பேற்றவரின் கைக்கு முத்திரையும் சென்றது. ஜமாஅத்தின் முகவரியும் அவ்வாறு கைமாறக் கூடியதாக இருக்க வேண்டும் என்று எண்ணி, ஜமாஅத் பெயரிலேயே ஒரு டொமைன் பெயரை வாங்கினோம்.

அடுத்து, சர்வரை எங்கே வைப்பது என்ற கேள்வி எழுந்தது. மதரஸாவின் மாடி அறையில் ஒரு கணினியை வைத்துவிடலாம் என்றார்கள் சிலர். ஆனால் 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்த கஜா புயலை எங்கள் பகுதி மறக்கவில்லை. மின்கம்பங்கள் சாய்ந்து, எத்தனையோ ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. ஊர் துன்பத்தில் இருக்கும் நாட்களில்தான் வெளிநாட்டிலிருந்து கடிதங்கள் அதிகம் வரும். ஆகவே வெளியூர்த் தரவு மையம் ஒன்றில் சிறிய சர்வரை மாத வாடகைக்கு எடுத்தோம். இயந்திரம் வாடகை, அதில் ஓடுவதெல்லாம் எங்கள் பொறுப்பு.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். வெப்மெயில் என்பது கடிதங்களைச் சேமித்து வைக்கும் இடமன்று. கடிதங்களை வாங்குவதும் அனுப்புவதும் போஸ்ட்ஃபிக்ஸ் போன்ற ஒரு மென்பொருள். அவற்றை வைத்திருந்து, கேட்கும்போது எடுத்துத் தருவது டவ்காட் போன்ற மற்றொன்று. உலாவியில் நாம் காணும் வெப்மெயில், ஐமேப் என்னும் நெறிமுறை வழியாக அந்தக் கடிதங்களை நமக்குக் காட்டும் வாசல் மட்டுமே. ஒரு வெப்மெயிலை நீக்கி வேறொன்றை நிறுவினாலும் கடிதங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் அந்த வாசல் உலகம் முழுவதற்கும் திறந்தது. அதன் பூட்டு பழுதானால் உள்ளே இருப்பவை அனைத்தும் ஆபத்தில் இருக்கின்றன.

நான் முதலில் தேர்ந்தெடுத்ததைத் தோற்றத்திற்காகவே தேர்ந்தெடுத்தேன். அதன் பெயர் இங்கே தேவையில்லை, பிழை என்னுடையது. நிறுவிய நாளன்று அனைவரும் பாராட்டினார்கள். அதன்பின் இரண்டு ஆண்டுகள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் வெளிவந்தன, நான் நிறுவவில்லை. 2022 ரமளானில் ஒரு நாள் சஹர் நேரத்தில் பெட்டியைத் திறந்தபோது, நாங்கள் அனுப்பாத நூற்றுக்கணக்கான விளம்பரக் கடிதங்கள் முகவரி தவறித் திரும்பி வந்து குவிந்திருந்தன. யாரோ உள்ளே நுழைந்திருக்கிறார்கள். எங்கள் கடிதங்களையும் படித்தார்களா என்பதை அறிய வழியில்லை.

அப்பெட்டியில் அவ்வாண்டின் ஜகாத் விண்ணப்பங்கள் இருந்தன. தம் உடன்பிறந்தவர்களுக்குக்கூடத் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு சகோதரி எழுதியிருந்த கடிதமும் இருந்தது.

உடனே கடவுச்சொற்களை மாற்றி, வெப்மெயிலை நிறுத்திவிட்டு ஹஜ்ரத் அவர்களிடம் சென்றேன். விளம்பரக் கடிதங்களோடு விஷயம் முடிந்திருக்கலாம், வேறு யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை என்றே என் மனம் சொல்லிக்கொண்டிருந்தது. அவர்கள் முழுவதையும் கேட்டுவிட்டு, "ரகசியம் அவங்களுடையது தம்பி. அது வெளியே போயிருக்கலாம்னா, அதைத் தெரிஞ்சுக்கிற உரிமையும் அவங்களுடையதுதான்" என்றார்கள். அமானிதங்களை அவற்றுக்குரியவர்களிடம் ஒப்படைக்குமாறு ஏவும் அந்நிஸா அத்தியாயத்தின் 58ஆம் வசனத்தைப் பணம், நகை, நிலம் ஆகியவற்றோடு மட்டுமே பொருத்திப் பார்த்து வந்தவன் நான்.

கடிதம் எழுதியிருந்த ஒவ்வொருவருக்கும் தெரிவித்தோம். அச்சகோதரியின் வீட்டிற்கு என் மனைவியை அழைத்துக்கொண்டு சென்றேன். அவர் கோபப்படவில்லை. "வந்து சொன்னதுக்கு அல்லாஹ் கூலி தருவான். இனி நான் எழுத மாட்டேன் தம்பி. தேவைன்னா உங்க வீட்டுல சொல்லி அனுப்புறேன்" என்றார். இன்றுவரை அவர் எழுதவில்லை.

பெரிய நிறுவனம் ஒன்றின் சேவைக்கே திரும்பிவிடலாமா என்று மஷூரா செய்தோம். தனிமனிதருக்கு அது போதுமானது; பாதுகாப்பிற்கென்றே அங்கே பலர் பணிபுரிகிறார்கள். ஆனால் பிறருடைய குடும்ப விஷயங்களைச் சுமக்கும் பெட்டி எங்கள் கையிலேயே இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. இம்முறை நான் அழகைப் பார்க்கவில்லை. இதைப் பராமரிப்பவர்கள் எத்தனை பேர்? குறை கண்டறியப்பட்டால் மறைக்காமல் அறிவித்துத் திருத்துகிறார்களா? இவ்விரண்டையும் முதலில் கேட்டேன்.

1999இல் தொடங்கிய ஸ்க்விரல்மெயில் எளிமையானது. ஆனால் அதன் கடைசி நிலைப்பதிப்பு 2011இல் வந்தது. ரெயின்லூப் பலரும் விரும்பியது. அதில் இருந்த கடுமையான குறையை ஆய்வாளர்கள் தெரிவித்தும் திருத்தம் வராததால், 2022 ஏப்ரலில் அவர்கள் அதைப் பொதுவில் வெளியிட நேர்ந்தது. அதிலிருந்து கிளைத்த ஸ்னாப்பிமெயில் அக்குறையைக் களைந்தது. இலகுவானது, தரவுத்தளமும் தேவையில்லை. ஆயினும் அது பெரும்பாலும் ஒரே ஒருவரின் உழைப்பில் நிற்பது. ஒருவர் பெயரில் இருந்த பெட்டியால் பட்ட பாடு எனக்கு நினைவிருந்தது.

இறுதியில் ரவுண்ட்கியூபைத் தேர்ந்தெடுத்தோம். 2005இல் தாமஸ் புரூடர்லி தொடங்கிய இக்கட்டற்ற மென்பொருள், உலகெங்கும் எண்ணற்ற சர்வர்களில் ஓடுகிறது. 2023 நவம்பரில் நெக்ஸ்ட்கிளவுடுடன் இணைந்தது. 2019இல் வந்த 1.4 பதிப்பு முதல் கைப்பேசித் திரைக்கும் பொருந்தும் தோற்றம் இருப்பதால், எங்கள் மூத்த நிர்வாகிகளாலும் எளிதில் பயன்படுத்த முடிகிறது. கடிதத்தை நாம் திறந்தோமா என்று வேவு பார்க்கச் சிலர் வெளிப் படங்களைப் பதித்து அனுப்புவார்கள். அவற்றை நம் அனுமதியின்றி அது காட்டுவதில்லை. துருவித் துருவி ஆராயாதீர்கள் என்று தடுக்கப்பட்ட நமக்கு, பிறர் நம் பெட்டியைத் துருவ இடமளிப்பதும் தகாது.

ரவுண்ட்கியூப் குறையற்றது என்று சொல்ல வரவில்லை. 2025 ஜூன் 1 அன்று வெளியான 1.6.11 பதிப்பு, பத்தாண்டுகளாக உள்ளே மறைந்திருந்த ஒரு குறையைத் திருத்தியது. உள்நுழையும் உரிமை பெற்ற எவரும் சர்வரையே கைப்பற்ற இடமளித்த குறை அது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு வாரமே இருந்தது. குர்பானிப் பங்குகளுக்கான கடிதங்கள் நாள்தோறும் வந்துகொண்டிருந்தன. பெருநாள் முடிந்து பார்க்கலாம் என்று தோன்றத்தான் செய்தது. அச்சகோதரியின் சொல் நினைவுக்கு வந்தது. அறிவிப்பைக் கண்ட அன்று இஷாவுக்குப் பின் அமர்ந்து, காப்புநகல் எடுத்து, புதிய பதிப்பை நிறுவிய பிறகே உறங்கினேன்.

இப்போது சில ஒழுங்குகளை வகுத்திருக்கிறோம். ஒவ்வொரு ஜுமுஆ நாளிலும் அஸருக்குப் பின் புதுப்பிப்புகளைப் பார்க்கிறேன். சர்வரின் சாவிகள் என்னிடமும் இன்னொரு இளைஞரிடமும் உள்ளன. முத்தவல்லியிடம் ஒட்டிய உறையில் ஒரு படி இருக்கிறது. ஜகாத் விண்ணப்பங்களும் குடும்பப் பிணக்குக் கடிதங்களும், வேலை முடிந்ததும் அழிக்கப்படுகின்றன. இல்லாத கடிதத்தை யாரும் திருட முடியாது.

எங்களை நம்பி எழுதியவர்களின் மானத்தை அல்லாஹ் காப்பானாக. என் கவனக்குறைவை மன்னிப்பானாக. இந்தச் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளப் போகிறவரை என்னைவிட விழிப்புள்ளவராக ஆக்குவானாக. ஆமீன்.