காற்றுக்குக் காத்திருந்தவர்கள்

விழிஞ்ஞம் என்று இப்போது தேடினால் ராட்சசக் கிரேன்களும் கன்டெய்னர் கப்பல்களும்தான் வருகின்றன. 2024 ஜூலையில் முதல் தாய்க்கப்பல் வந்தது. 2025 மே 2-ல் துறைமுகத்தை முறைப்படித் திறந்தார்கள். "நம்ம பக்கத்துக்கு இப்பத்தான் உலக வியாபாரம் வருது" என்று இங்கே மஸ்கட்டில் நண்பர்கள் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். அந்தக் கரைக்கு இது ஆயிரத்துச் சொச்சம் வருஷப் பழக்கம்!

எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளில் விழிஞ்ஞம் ஆய் மன்னர்களின் துறைமுகம். பாண்டியரும் சோழரும் அதன்மேல் சும்மா படையெடுக்கவில்லை. கேரளப் பல்கலைக்கழகத் தொல்லியல்காரர்கள் அங்கே தோண்டியபோது பாரசீக வளைகுடாப் பக்கத்து ஜாடிச் சில்லுகள் கிடைத்தன. டார்பிடோ ஜாடி என்பார்கள். கைப்பிடி கிடையாது, அடி கூம்பாக இருக்கும், ஒழுகாமல் இருக்க உள்ளே கீல் பூசியிருக்கும். இஸ்லாத்துக்கு முன்பிருந்தே புழங்கிய சரக்கு இது. பாதை முதலில், மார்க்கம் பிறகு.

ஆப்பிரிக்காவில் இதே கதை பாலைவனத்தில் நடந்தது. சஹாராவில் ஒட்டகங்கள் உப்பைத் தெற்கே கொண்டு போய், தங்கத்தை வடக்கே கொண்டு வந்தன. அந்த வியாபாரிகளோடு இஸ்லாம் கானா, மாலி ராஜ்யங்களுக்குப் போனது. மாலியின் மன்சா மூசா 1324-ல் ஹஜ்ஜுக்கே போனார். நமக்கு மணலுக்குப் பதில் கடல், அவ்வளவுதான். இரண்டையும் பார்த்த ஒரே ஆள் வேண்டுமென்றால் இப்னு பதூதா இருக்கிறார். 1340-களில் கொல்லத்தில் முஸ்லிம் வியாபாரிகளைப் பார்த்தவர், 1352-ல் சஹாராவைக் கடந்து மாலிக்குப் போனார்.

மஸ்கட்டிலிருந்து கொல்லத்துக்கு நல்ல காற்றில் ஒரு மாதம் என்று 851-ஆம் ஆண்டு அரபுக் குறிப்பு ஒன்று சொல்கிறது. ஆனால் வந்த காற்றிலேயே திரும்ப முடியாது. காற்று மாறும் வரை கரையில் இருக்க வேண்டும், மாசக்கணக்கில். சரக்கு வைக்கக் கிடங்கு, தங்க வீடு, தொழப் பள்ளிவாசல், பிறகு கல்யாணம், பிள்ளைகள். அந்தப் பிள்ளைகள் பேசியது அம்மாவின் பாஷையை. தேங்காய்ப்பட்டணம், காயல்பட்டினம், கீழக்கரை எல்லாம் இப்படித்தான் வளர்ந்தன.

இதற்கு ஒரு அடையாளம் இன்றும் இருக்கிறது. நம் கடற்கரை முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றுகிறவர்கள். வட இந்தியாவிலோ ஹனஃபி. அஸர் தொழுகை நேரமே இரண்டுக்கும் வேறு. யேமன், சலாலா, கிழக்கு ஆப்பிரிக்கக் கரை, மலேசியா, இந்தோனேசியா என்று ஷாஃபி ஊர்களை வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். பழைய கப்பல் பாதை தானாகத் தெரியும்.

வந்தவர்களை ஊர் எப்படி நடத்தியது? விழிஞ்ஞத்துக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில் இருக்கும் கொல்லத்தில் 849-ல் எழுதிய தரிசாப்பள்ளிச் செப்பேடு இதைச் சொல்லும். ஆவணம் ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கு. கொடுத்தவர் வேணாட்டு அய்யனடிகள் திருவடிகள். சாட்சிகள் அரபியிலும், பாரசீகத்துப் பஹ்லவியிலும், யூதர்களின் எபிரேய எழுத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பள்ளிக்குப் பாதுகாவலாக மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுக்களை நியமித்தார்கள். அஞ்சுவண்ணம் மேற்காசிய வியாபாரிகளின் சங்கம். தோப்பில் முகமது மீரான் தன் ஊரான தேங்காய்ப்பட்டணத்தை வைத்து எழுதிய நாவலின் பெயர் 'அஞ்சுவண்ணம் தெரு'. பதினோரு நூற்றாண்டு தாண்டியும் பெயர் அழியவில்லை.

அது பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அதே செப்பேட்டில் நிலத்தோடு சேர்த்து உழைக்கும் குடும்பங்களையும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ராஜாவுக்கு வேண்டியது சுங்க வருமானம். ஆனாலும் வந்தவனின் கையெழுத்தை, அவன் எழுத்திலேயே, செல்லும் என்று ஏற்றுக்கொண்டார்கள் பாருங்கள், அது சின்ன விஷயமில்லை.

வளைகுடாவில் இருக்கும் நமக்கு அதன் அருமை தெரியும். முப்பது வருஷம் வேலை பார்த்தாலும் விசா முடிந்தால் பெட்டி கட்ட வேண்டியதுதான். அந்த நாமே, ஊர் முஸ்லிம்களை "வெளியிலிருந்து வந்தவங்க" என்று சொல்லும் வாட்ஸப் செய்தியை யோசிக்காமல் அடுத்தவருக்கு அனுப்புகிறோம். பிள்ளைகளும் படிக்கிறார்கள். அதில் பாதி, வாள்முனையில் வந்தது என்ற கதை. இந்தக் கரையில் நடந்தது பெரும்பாலும் மிளகுக்கு விலை பேசி, காற்றுக்குக் காத்திருந்த கதை.

அடுத்த லீவில் திருவனந்தபுரத்தில் இறங்கினால், கோவளத்தோடு திரும்பாமல் பக்கத்திலேயே இருக்கும் விழிஞ்ஞம் மீன்பிடித் துறைக்கும் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். ஒரு பக்கம் பள்ளிவாசல், இன்னொரு பக்கம் மாதா கோயில், கொஞ்சம் உள்ளே எட்டாம் நூற்றாண்டுக் குடைவரை. எது யாருடையது என்று கேட்பார்கள். எல்லாமே ஊருடையது என்று சொல்லுங்கள்.