பத்து மூட்டையும் ஒரு மூட்டையும்

மண்டி மொஹல்லா, மைசூரு
ஞாயிறு மதியம்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய பங்கு ஆப்பின் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தேன். "ஆவரேஜ் 2.60-க்கு இறங்கிடுச்சு அக்கா, இன்னும் ஆயிரம் வாங்கினா ரெண்டுக்கு வந்துடும்" என்று எழுதியிருக்கிறாய். அம்மாவிடம் காட்டவில்லை.

நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். நீ முதலில் வாங்கியது 40 சென்ட் வீதம் 10,000 பங்கு, ஆக 4,000 டாலர். விலை 15 சென்ட்டுக்கு விழுந்ததும் ரிவர்ஸ் ஸ்பிளிட் என்று பத்தை ஒன்றாக்கினார்கள். உன் கணக்கில் 1,000 பங்கு, திரையில் 1.50. ஏறினாற்போல இருந்தாலும் உன் பணம் அதே 1,500தான். 1.20-க்கு இறங்கியதும் சல்லிசு என்று இன்னொரு 1,000 வாங்கினாய். இன்று 90 சென்ட். போட்டது 5,200, மிஞ்சியது 1,800. இரண்டாவது ஆயிரத்தை வாங்காமல் இருந்திருந்தால் நஷ்டம் 3,100, வாங்கியதால் 3,400. சராசரி இறங்கிவிட்டது என்று நீ சந்தோஷப்பட்ட நேரத்தில்தான் நஷ்டம் ஏறியிருக்கிறது.

நேற்று சந்தேபேட்டை வழியாக வந்தபோது அப்பாவின் பூண்டு நினைவுக்கு வந்தது. நீ அப்போது சின்னப் பையன். விலை விழ விழ இன்னும் பத்து மூட்டை எடுப்பார். பேரேட்டின் ஓரத்தில் பென்சிலால் சராசரியைப் போட்டு, "பாரு, இறங்கிடுச்சு" என்பார். நடையில் அடுக்கிய கோணிக்குள் பூண்டு பச்சையாக முளைவிட்டுக்கொண்டிருந்தது. சின்ன மூட்டைகளைப் பிரித்துப் பெரிய கோணியில் கட்டச் சொன்னார், பார்வைக்கு நிறைவாக இருக்கும் என்று. தராசில் ஏற்றினால் முன்பிருந்த எடைகூட இல்லை, காய்ந்துவிட்டது. வாங்க வந்தவர் பேரேட்டைக் கேட்கவே இல்லை. ஒரு பல்லை நசுக்கி முகர்ந்து பார்த்தார், அவ்வளவுதான்.

உன் கம்பெனி ஏன் மூட்டையை மாற்றிக் கட்டியது? நாஸ்டாக்கில் ஒரு பங்கு தொடர்ந்து 30 வர்த்தக நாட்கள் 1 டாலருக்குக் கீழே கிடந்தால் நோட்டீஸ் வரும். பட்டியலிலிருந்து தூக்கிவிடாமல் இருக்கத்தான் இந்த வேலை, வியாபாரம் தேறியதால் இல்லை. இப்போது மறுபடியும் 1 டாலருக்குக் கீழேதான் நிற்கிறது. புதுப் பங்குகளை விற்றுத்தான் செலவை ஓட்டுகிறார்கள் என்று நீயே போனில் சொன்னாய். அப்படியென்றால் நீ வாங்கும்போது எதிர்ப்பக்கம் விற்பது அந்தக் கம்பெனியாகவே இருக்கலாம்.

ருச்சி சோயாவைச் சொல்லி மடக்குவாய், தெரியும். 100 பழைய பங்குக்கு 1 என்று சுருக்கப்பட்டு, 2020 ஜனவரியில் 17 ரூபாய் சுமாருக்கு மறுபடி பட்டியலுக்கு வந்தது. ஜூன் கடைசியில் 1,500-ஐத் தாண்டியது. நிஜம்தான். ஆனால் அங்கே திவால் நடவடிக்கை முடிந்து பதஞ்சலி பணத்தோடு உள்ளே வந்தது, கடன் சுமை குறைந்தது. பொதுமக்கள் கையில் இருந்தது சுமார் 1 சதவீதம்தான். விற்க ஆளில்லாத சந்தையில் விலை பறந்தது. உன் கம்பெனிக்குப் புது முதலாளியும் வரவில்லை, பங்குக்குப் பஞ்சமும் இல்லை.

ஒன்று செய். ஆப்பில் சராசரி காட்டும் இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொள். அந்தப் பங்கு உன்னிடம் ஒன்றுகூட இல்லை, கையில் அந்த இன்னொரு ஆயிரத்துக்கான 900 டாலர் மட்டும் இருக்கிறது என்று வை. அப்போதும் இதைத்தான் வாங்குவாயா? எனக்குப் பதில் எழுத வேண்டாம், உனக்கே சொல்லிக்கொள். இருப்பதை விற்பதும் வைத்திருப்பதும் உன் இஷ்டம். அந்த 900-ஐ மட்டும் போடாதே.

அப்பா கடைசியில் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு, முளைக்காத பூண்டாகப் பொறுக்கி ஒரு பை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அம்மா ஊறுகாய் போட்டாள். இரண்டு பேரும் பேசாமல் சாப்பிட்டார்கள். அந்த வருஷம் அவர் மறுபடி பூண்டு எடுக்கவில்லை.

அன்புடன்,
அக்கா