வண்டி இடது பக்கம் இழுத்துச்சு

ரெண்டு மாசமாவே நம்ம பிக்கப் சரியில்ல. ரெட்டியார்சத்திரத்துல இருந்து ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு லோடு ஏத்திட்டுப் போகும்போது, ஸ்டியரிங்கைப் பிடிச்ச கையை லேசா தளர்த்தினா போதும், இடது பக்கமா இழுக்கும். 40ல போனா ஒண்ணும் தெரியாது. 50ஐத் தாண்டினா ஸ்டியரிங் கைக்குள்ளயே நடுங்க ஆரம்பிச்சிரும். முன் டயர் ரெண்டும் ஓரத்துல மட்டும் வழவழன்னு தேஞ்சு கிடந்துச்சு.

எனக்கு நானே காரணம் சொல்லிக்கிட்டேன். ரோடு சரியில்ல, டயர் பழசுன்னு. கத்தரிக்காய் முடியட்டும், அப்புறம் சின்ன வெங்காயம் முடியட்டும்னு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன். நடுவுல ஒரு தடவை அலைன்மென்ட் மட்டும் பார்த்தேன். அந்தக் கடைக்காரர் அப்பவே, "அண்ணே, முன்னாடி ஆட்டம் இருக்கு. அதைச் சரி பண்ணாம நான் எத்தனை தடவை அலைன்மென்ட் வச்சாலும் நிக்காது"ன்னு சொன்னார். நிக்கலதான்.

போன வாரம் வெங்காய அறுவடை முடிஞ்ச மறுநாள் காலைல திண்டுக்கல்லுக்கு எடுத்துட்டுப் போனேன். டவுன்ல நமக்குப் பழக்கமான மெக்கானிக் தம்பி ஒருத்தர் இருக்கார். வந்ததும் ஸ்பானரைத் தொடல. முன்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டினார். 'டொக் டொக்'னு சத்தம். என்னை உள்ள ஏறி பிரேக்கை மிதிச்சுப் பிடிக்கச் சொன்னார். மறுபடி ஆட்டினார். அப்பவும் அதே சத்தம்.

"பிரேக் பிடிச்சா ஆட்டம் நின்னா, அது வீல் பேரிங். பிடிச்சும் நிக்கலன்னா கிங் பின்னு. உங்களுக்கு கிங் பின்னுதாண்ணே."

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். நம்ம வண்டில முன்னாடி குறுக்க ஒரே அச்சு, ரெண்டு பக்கமும் பட்டை மேல உட்கார்ந்திருக்கும். அச்சோட முனைல நட்டுக்குத்தலா நிக்கிற தடிமனான ஆணிதான் கிங் பின். கதவுக்குக் கீல் மாதிரி. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரம் அந்த ஆணியைச் சுத்தித்தான் திரும்புது. மேலயும் கீழயும் புஷ் இருக்கும். அதுக்கு கிரீஸ் போகலன்னா புஷ் தேயும், அப்புறம் ஆணியும் தேயும், சக்கரம் ஆடும்.

நான் கிரீஸ் அடிச்சு எத்தனை மாசம் ஆச்சுன்னு அந்தத் தம்பி கேட்டார். பதில் சொல்ல முடியல. எங்க தாத்தா மாட்டுவண்டிக்கு வைக்கோலைக் கரிச்சு, விளக்கெண்ணெய் விட்டுக் குழைச்சு மசகு போடாம வண்டியை வெளிய எடுக்க மாட்டார். சந்தைக்குப் போற அன்னைக்கு விடியறதுக்கு முன்னாடியே அந்த வேலை முடிஞ்சிருக்கும். அவர் பேரன் கிரீஸ் நிப்பிள் எங்க இருக்குன்னு குனிஞ்சு பார்த்ததே அன்னைக்குத்தான்.

ஆணி லேசுல வரல. துருப்பிடிச்சு இறுகிப் போயிருந்துச்சு. சூடு காட்டி, சம்மட்டியால அடிச்சு எடுக்க ஒரு பக்கத்துக்கே ரெண்டு மணி நேரம். வெளிய வந்த ஆணில ஒரு பக்கம் நகத்தால தடவினாலே பள்ளம் தெரிஞ்சுச்சு.

அதோட முடிஞ்சிரும்னு நெனச்சேன். கிங் பின் செட்டும் புஷ்ஷும் மட்டும் போட்டா போதும்னு கணக்கும் போட்டு வச்சிருந்தேன். ஆனா இழுப்புக்கு வேற காரணம் இருக்கணும்னு அந்தத் தம்பி இடது பக்கப் பட்டையையும் கழட்டினார். பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கிற சென்டர் போல்ட் அறுந்து கிடந்துச்சு. அது அறுந்தா அச்சு ஒரு பக்கம் கொஞ்சம் பின்னாடி நகர்ந்திரும், வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். அப்புறம் மெயின் பட்டையைத் துணியால துடைச்சு வெயில்ல காட்டினார். கண்ணு பக்கத்துல குறுக்க ஒரு கோடு.

"வெடிப்புக்குள்ள பாருங்க, துரு ஏறியிருக்கு. இது இன்னைக்கோ நேத்தோ வந்ததில்ல."

நான் எதுவும் பேசல. ஏன்னா முந்தின நாள் சாயங்காலம்தான் அந்த வண்டில, பின்னாடி வெங்காய மூட்டைக்கு மேல 12 பொம்பளைங்களை உட்கார வச்சு 6 கிலோமீட்டர் தள்ளி அவங்க ஊர்ல இறக்கி விட்டுட்டு வந்தேன். சரக்கு வண்டில ஆள் ஏத்தக் கூடாதுன்னு எனக்கும் தெரியும். இங்க எல்லாரும் ஏத்துறாங்கன்னு நானும் ஏத்தினேன். அந்த மெயின் பட்டை ரோட்டுல ஒடிஞ்சிருந்தா அச்சு அப்படியே பின்னாடி போயிருக்கும். ஸ்டியரிங் என் பேச்சைக் கேட்டிருக்காது.

அதுக்கப்புறம் கணக்குப் பார்க்கல. ரெண்டு பக்கமும் மெயின் பட்டை, சென்டர் போல்ட், சாக்கிள் பின், ரப்பர் புஷ், யூ போல்ட், டை ராட் எண்டு எல்லாமே புதுசு. "ஒரு பக்கம் மட்டும் மாத்துனா வண்டி சாஞ்சு நிக்கும்ணே"ன்னார். பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போட அவர் ஒத்துக்கல, ஒரு தடவை இறுக்கினா இழுபட்டிருக்குமாம். புது புஷ்ஷை அடிச்சு ஏத்தி, லேத் பட்டறைல ரீமர் விட்டு, ஆணி கட்டைவிரல் அழுத்தத்துல வழுக்கிட்டுப் போற அளவுக்குக் கொண்டு வந்தாங்க. புஷ்ல உள்ள ஓட்டை கிரீஸ் நிப்பிளுக்கு நேரா இருக்கான்னும் பார்க்கணும். மாறிப் போனா எவ்வளவு அடிச்சாலும் கிரீஸ் உள்ள போகாது. ரப்பர் புஷ் போல்ட்டெல்லாம் வண்டியைத் தரையில இறக்கி, பாரம் உட்கார்ந்த பிறகுதான் கடைசியா இறுக்கினார். தூக்கி வச்சே இறுக்கினா ரப்பர் முறுக்கிக்கிட்டு சீக்கிரம் கிழிஞ்சிரும்.

ரெண்டு நாள், 14,000 ரூபாய்க்கு மேல. வெங்காயத்துல நின்ன காசுல பாதி போச்சு. வீட்டுல கொஞ்சம் முணுமுணுப்புதான். அந்த வெடிச்ச பட்டையைக் கொண்டு வந்து திண்ணைல வச்சேன். அதுக்கப்புறம் பேச்சு வரல.

நேத்து களையெடுக்க ஆள் சொல்லப் போனப்போ, ஆள் கூட்டிட்டு வர்ற அக்காகிட்ட விஷயத்தைச் சொன்னேன். அந்த அக்கா ஆச்சரியப்படல.

"இடது பக்கம் உட்கார்ந்தா 'டொக்கு டொக்கு'ன்னு கேக்கும் தம்பி. நாங்களும் பேசிக்குவோம்."

"பிறகு ஏங்க்கா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா, நாளையில இருந்து வண்டி வராதுன்னுருவீங்க. நடந்து வந்து எப்ப வேலை பாக்குறது?"

இப்ப மில்லுக்கு ஆள் ஏத்துற வேன்காரர்கிட்ட பேசியிருக்கேன். காலை ஷிப்டு ஆளுங்களை இறக்கிட்டுச் சும்மா நிக்கிற நேரத்துல நம்ம ஆளுங்களைக் கொண்டு வந்து விடுவார். ஒரு நாளைக்குக் கூடுதலா செலவுதான். கூலில பிடிக்கப் போறதில்ல.

பிக்கப்ல இனி காய் மட்டும்தான். மாசம் ரெண்டு தடவை முன்பக்கத்தை ஜாக்கில தூக்கி கிரீஸ் அடிக்கிறேன். பாரம் இல்லாம இருந்தாத்தான் உள்ள எல்லாப் பக்கமும் போகும். யூ போல்ட்டையும் 500 கிலோமீட்டர் ஓடின பிறகு ஒரு தடவை இறுக்கச் சொல்லியிருக்கார்.

உங்க வண்டியும் ஒரு பக்கம் இழுத்தா, ரோட்டைக் குறை சொல்றதுக்கு முன்னாடி ஒரு தடவை குனிஞ்சு பாருங்க. பின்னாடி உட்கார்ந்து வர்றவங்க சொல்ல மாட்டாங்க.